சின்னம்மா வெட்டிய ஏழு பூசணிக்காய்

பூசணிக்காயை வெட்டுவதற்கு முன்னால் சித்தப்பா அரிவாளைத் தன் கெண்டைக்கால் மயிரில் ஒருமுறை வழித்துப் பார்ப்பார். மயிர் சுத்தமாக வந்தால்தான் பதம் சரி. பிறகு முற்றத்தில் சாக்கை விரித்துக் காயை நடுவில் வைத்து, சின்னம்மாவைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொல்வார். "அங்கிட்டு இங்கிட்டுப் பாக்காத. இதைப் பாரு," என்பார். ஓங்கி ஒரே போடு. காய் இரண்டாகப் பிளந்து, விதையும் நாரும் சின்னம்மாவின் முந்தானையில் தெறிக்கும். "பாத்தியா? உன் மண்டையவிட இது கெட்டி. இதுக்கே ஒரு போடுதான்," என்று சிரிப்பார். முதல் தடவை நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மனுஷன் வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அதே கையால் அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதியபோதுதான் எனக்கு விளங்கியது. இன்றும் அவரை 'அவர்' என்றுதான் எழுத வருகிறது. கைப்பழக்கம்தான், மரியாதை ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்தில் முழுப் பூசணிக்காயைப் பெண்பிள்ளை வெட்டக்கூடாது. வீட்டு ஆம்பளை முதல் வெட்டுப் போட்டுக் கொடுத்தால், அப்புறம் அவள் கீற்றுக் கீற்றாக என்ன வேண்டுமானாலும் நறுக்கிக்கொள்ளலாம். முழுக்காய் என்பது காய் இல்லை, தலை. பலி கொடுக்க ஆளில்லாத இடத்தில் ஆளுக்குப் பதிலாக வைப்பது. அதனால்தான் கடை வாசலிலும் வண்டிச் சக்கரத்தின் முன்னாலும் அதைச் சுற்றிப்போட்டு உடைக்கிறார்கள். பெண் கத்தி முதலில் பட்டால் அந்த வீட்டு ஆண் உயிருக்கு ஆகாது; வயிற்றுப்பிள்ளைக்காரி தொட்டால் வயிற்றுக்கு ஆகாது. இதை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அடுப்பு சுடும் என்பது போலத் தெரியும், அவ்வளவுதான்.

நான் பதினொன்றும் பன்னிரண்டும் படித்தது சின்னம்மா வீட்டில் இருந்து. என் அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சின்னம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. திருச்சுழிப் பாதையில் ஒரு கரிசல் ஊரில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தது. சித்தப்பா லோடு வண்டி வைத்திருந்தார். அருப்புக்கோட்டையில் நூல் மூட்டையும் பருத்தி மூட்டையும் ஏற்றி விருதுநகருக்கும் மதுரைக்கும் டிரிப் அடிப்பார். ஓட்டுநர்களுக்கே உள்ள பயம் அவருக்குப் பத்துப்பங்கு. முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை நகர்த்த மாட்டார். பூனை குறுக்கே போனால் என்ன லோடாக இருந்தாலும் அரைமணி நேரம் நிறுத்திவிடுவார். அமாவாசைக்கு அமாவாசை வண்டி முன்னால் ஒரு பூசணி உடையும். பூனைக்குப் பயந்த அந்த மனுஷனுக்குப் பொண்டாட்டியை மிதிக்க மட்டும் ஒரு பயமும் இருந்ததில்லை. பெல்ட்டால் அடிப்பார், விறகால் அடிப்பார், கையில் ஒன்றும் அகப்படாவிட்டால் காலால் அடிப்பார். ஊரே பார்க்கும். "அவுக குடும்ப விசயம்" என்று எல்லோரும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். நானும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். அதை மறைத்து எழுதினால் என் நாக்கு அழுகிப்போகும்.

வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் கல். அந்தத் தண்ணீர் ஓடி விழும் இடத்தில்தான் சின்னம்மாவின் பூசணிக்குழி. குழாயில் நாலு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வரும் ஊரில் செடிக்கென்று தனித்தண்ணீர் ஏது? அரிசி களைந்தது, முகம் கழுவியது, துணி அலசியது எல்லாம் அதற்கே போகும். ஆடியில் மூன்று குழி எடுத்து, மட்கின சாணியும் அடுப்புச் சாம்பலும் போட்டு, குழிக்கு நாலு விதை ஊன்றி, முளைத்ததில் தெம்பானதை விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுவாள். கொடி ஓட ஆரம்பித்ததும் நுனியைக் கிள்ளிவிடுவாள், பக்கக்கொடி அடிக்கும். ஆடு வராமல் சுற்றிலும் சீமைக்கருவேல முள். இலையைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டுகளை விடியற்காலையில், பனியில் அவை மந்தமாக இருக்கும்போது, விரலால் பொறுக்கி நசுக்குவாள். நசுக்கும்போது ஒவ்வொன்றையும் பார்த்து "சாவு" என்பாள். உரக்க இல்லை, பக்கத்தில் நின்றால் மட்டும் கேட்கும். எனக்கு அது அப்போது சிரிப்பாக இருந்தது.

இன்று நான் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். மகரந்தச் சேர்க்கையை நான் முதன்முதலில் பார்த்தது அவள் கையில்தான். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருக்கும். வெயில் ஏறுவதற்குள் ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் மெல்லத் தேய்க்கவேண்டும். தேனீ வராத வறட்டு ஊரில் இதைச் செய்யாவிட்டால் பிஞ்சு வெம்பி விழுந்துவிடும். கலியாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லாத சின்னம்மா இதைச் செய்வதைப் பார்த்து, கல்லில் துணி துவைக்க வருகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "கொடிக்கெல்லாம் பிள்ளை வரம் குடுக்கிறா, தனக்கு ஒண்ணத் தேடிக்க மாட்டேங்கிறா," என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. சின்னம்மா காதிலும் விழுந்திருக்கும். அவள் அடுத்த பூவுக்குப் போய்விட்டாள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருஷம் கொடியில் எட்டுக் காய் நின்றது. அந்த வருஷம்தான் சின்னம்மா வயிற்றிலும் ஒன்று நின்றது. நாள் தள்ளிப்போனது உறுதியானதும் அவள் கொடிப்பக்கம் போவதற்கே யோசித்தாள். தண்ணீர் விடுவாள், காய்க்கு அடியில் சோளத்தட்டை வைப்பாள், ஆனால் காயைக் கையால் தொட மாட்டாள். "எதுக்குத்தா வம்பு. ஆறு வருசத்துக்குப் பொறகு வந்துருக்கு," என்பாள். அடி மட்டும் குறையவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான். வயிற்றை விட்டுவிட்டு முதுகிலும் தொடையிலும் அடித்தார். அதற்கே அவள் "அவருக்கும் புள்ள மேல ஆசதான்" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேல்தான் ஆத்திரம். அந்த வயதில் அப்படித்தான் இருந்தது.

நாலாம் மாசம் அவளுக்கு மசக்கை பிடித்து ஆட்டியது. சோறு இறங்கவில்லை. பூசணிக்காயும் தட்டைப்பயறும் போட்டுக் கூட்டு வைத்தால் சாப்பிடுவேன் என்றாள். கார்த்திகை பிறந்து முதல் காய் காம்பு காய்ந்து நின்றது. நான் அறுத்துக்கொண்டு வந்து வைத்தேன்; நானும் பெண்பிள்ளை, வெட்டக்கூடாது. சித்தப்பாவிடம் வெட்டித் தரச் சொன்னாள். எதற்கோ கோபத்தில் இருந்தவர், "கெடக்கட்டும்," என்று போய்விட்டார். மறுநாளும் "கெடக்கட்டும்". மூன்றாம் நாள் அவள் கேட்டபோது அரிவாளை எடுத்து, காயை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அரிவாளைப் பரணில் எறிந்தார். ஒரு காயை வெட்டாமல் வைத்தே ஒரு பெண்ணைப் பட்டினி போட முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அவள் வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு கிடந்தாள்.

யோசனை சொன்னது நான். இதை நான் எத்தனை தரம் எனக்குள்ளேயே மாற்றிச் சொல்லிப் பார்த்தாலும் சொன்னது நான்தான். பக்கத்து வீட்டில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாத்தியாரய்யா இருந்தார். வேதக்காரர்கள், அவர்களுக்கு இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. "ஆம்பளை கை பட்டாப் போதும்ல, சின்னம்மா? வாத்தியாரய்யாவும் ஆம்பளைதான?" என்றேன். சின்னம்மா கொஞ்சம் பயந்தாள், அப்புறம் பசி ஜெயித்தது. நான் காயைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சிரித்து, "இதுக்கு ஒரு ஆம்பளையா? சரி, குடு," என்று ரொட்டி வெட்டும் கத்தியால் காம்பிலிருந்து அடி வரை நூல் பிடித்தது மாதிரி நேராக அறுத்துக் கொடுத்தார். சின்னம்மா அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பாதிக் காயைச் சாயங்காலத்துக்கு என்று மூடி வைத்தோம். தப்பு அங்கேதான் நடந்தது. சித்தப்பாவின் வெட்டு எப்போதும் குறுக்கே விழும், பிளந்த ஓரம் பல்லுப்பல்லாக இருக்கும். அந்தப் பாதிக் காய் நெடுக்காக, வழவழவென்று இருந்தது.

மூடியைத் திறந்த மனுஷன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு வெட்டுனது?" நான்தான் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். பெண் வெட்டினால் அவர் உயிருக்கு ஆகாதே, அதைச் சொன்னால் என்னைக் கொன்றுவிடுவாரே என்று வாய் அடைத்துவிட்டது. சின்னம்மா உண்மையைச் சொன்னாள். "பக்கத்து வீட்டு ஐயா." அவர் பாதிக் காயை அவள் முகத்தில் எறிந்தார். "என் வீட்டுக் காய்க்கு வேத்தாள் கத்தி வைக்கணுமா? நான் செத்தா போயிட்டேன்?" என்று கத்திக்கொண்டே உதைத்தார். முதல் உதை இடுப்பில். அவள் குனிந்து வயிற்றை இரண்டு கையாலும் மூடினாள். மூடியதைப் பார்த்துவிட்டுத்தான், கையை விலக்கிவிட்டு, அடுத்ததை அங்கே கொடுத்தார். நான் அவர் கையைக் கடித்தேன். என்னை உதறியதில் என் நெற்றி வாசல் நிலையில் மோதிக் கிழிந்தது. தழும்பு இருக்கிறது. வாத்தியாரய்யா ஓடிவந்து, அந்த வயதில், அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். அதற்குள் சின்னம்மாவின் சேலை நனைந்துவிட்டது. ரத்தம் கதகதவென்று இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. என் மடியில் அவளைப் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். பிள்ளை தங்கவில்லை. பையன் என்றார்கள்.

பத்து நாள் ஆஸ்பத்திரி. என் மாமன்மார் இரண்டு பேரும் வந்தார்கள், ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று பேசினார்கள். "ஆம்பள கோவம், அனுசரிச்சுத்தான் போகணும். நீயும் வேத்து வீட்டு ஆள்கிட்டக் குடுத்தது தப்புதான," என்று பெரிய மாமா சொன்னார். அம்மா அழுதாள், ஆனால் திருப்பூருக்கு வா என்று அவளும் சொல்லவில்லை. பத்துக்குப் பத்து அறையில் அவளே இருந்தாள், எங்கே வைத்துக்கொள்வாள்? சின்னம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "சரிண்ணே. சரிக்கா." எனக்கு அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது.

மார்கழியில் ஒரு நாள், நாலு மணி வெயிலில், நானும் அவளும் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தோம். சித்தப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி இருந்தார். "வந்துட்டியா? ஆட்டுக்கறி வாங்கி வச்சிருக்கேன்," என்றார். செத்துப்போன பிள்ளைக்கு ஆட்டுக்கறியாம். சின்னம்மா உள்ளே போய், ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் இருந்து அரிவாளை எடுத்தாள். கொல்லைக்குப் போனாள். பத்து நாள் தண்ணீர் இல்லாமல் இலை கருகிக் கிடந்தது. காய்கள் மட்டும் முற்றித் தவிட்டு நிறத்தில் கிடந்தன. ஒவ்வொரு காம்பாக வெட்டி, ஒவ்வொன்றாக இடுப்பில் வைத்துச் சுமந்து, வாசலில் அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். ஏழு. கடைசிக் காயை வைக்கும்போது தெருவில் ஆள் கூடிவிட்டது. "வெட்டணுமா? குடு, நான் வெட்டுறேன்," என்று சித்தப்பா எழுந்தார். அப்போதும் அவருக்குப் புரியவில்லை.

அவள் அரிவாளைத் தரவில்லை. முதல் காயின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓங்கினாள். பெண்கள் கூட்டத்தில் "ஆத்தாடி!" என்று ஒரு சத்தம். பத்து நாள் படுத்தவளுக்குக் கையில் என்ன பலம் இருக்கும்? அரிவாள் பாதியில் மாட்டிக்கொண்டது. அவள் அரிவாளோடு காயையும் சேர்த்துத் தூக்கி வாசற்கல்லில் அடித்தாள். பிளந்தது. பிளக்கும்போது அவர் பேரைச் சொன்னாள். அந்த வீட்டில் ஏழு வருஷம் வாழ்ந்தவள், ரேஷன் கார்டில்கூட விரலால் தொட்டுக் காட்டினாளே தவிர, வாயால் ஒருநாளும் சொல்லாத பேர். இரண்டாவது காய். பேர். மூன்றாவது காய். பேர். சித்தப்பாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கையை நீட்டினார், கிட்டே போகவில்லை. "ஏய் வேணாம்டி. ஏய், வெளையாடாத. யாராவது அவள அமத்துங்கய்யா!" ஒருத்தரும் நகரவில்லை. நாலாவது வெட்டில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவதில் முட்டி போட்டுவிட்டார். அவள் சேலை முழுக்க மஞ்சள் நாரும் விதையும் அப்பிக் கிடந்தது, கை வழுக்கியது, அரிவாளைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி ஓங்கினாள். ஏழாவது காயை வெட்டி முடித்தபோது அவர் அங்கே இல்லை. லோடு வண்டி கிளம்பும் சத்தம்தான் கேட்டது. அன்றைக்குச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கவில்லை.

காரியாபட்டியில் தன் அக்காள் வீட்டில் போய் விழுந்திருக்கிறார். ஏழு காய்க்கு ஏழு வாரம் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாராம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயில் கோயிலாகக் கயிறு கட்டிக்கொண்டு, பயத்தைப் போக்கக் குடித்து, குடித்ததில் இன்னும் பயந்து கிடந்தார் என்று அந்த அக்காள் பிறகு சொல்லி அழுதாள். ஆறாவது வாரம், விருதுநகருக்கு லோடு கொண்டுபோனபோது, பாலவனத்தம் தாண்டி நின்றுகொண்டிருந்த டிப்பரின் பின்னால் போய்ச் சொருகினார். பட்டப்பகல், நேர் ரோடு. நெஞ்சில் ஸ்டியரிங் ஏறிவிட்டது என்றார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஊர் அவளுக்கு ஒரு பேர் வைத்தது. 'பூசணிக்காரி' என்றால் இன்றைக்கும் திருச்சுழி வட்டாரத்தில் சில ஊர்களுக்குத் தெரியும். வீடு எங்களுக்குச் சேரவேண்டியது என்று கொழுந்தன்மார் இரண்டு பேரும் வந்தார்கள். அவள் கொல்லையில் கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். கொடியைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். மறுபடி வரவில்லை. அவளைத் தனியாக இருக்கிறாள் என்று எவனும் வாசலில் வந்து பல்லிளித்ததில்லை. வருஷா வருஷம் பூசணி போடுகிறாள். தானே வெட்டிக்கொள்கிறாள். என்னைப் படிக்க வைத்ததில் பாதி அவள்தான்.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். போன மார்ச் மாதம் எங்கள் கல்லூரி மகளிர் தின விழாவில், அவளை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டே சொன்னேன். "என் சின்னம்மாவுக்கு அந்த மூடநம்பிக்கையில் நம்பிக்கை கிடையாது. நம்பியவன் அவன். அவன் நம்பிக்கையையே ஆயுதமாக்கி அவனை விரட்டினாள். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்ற கட்டையும் அன்றைக்கே உடைத்தாள். அவனைக் கொன்றது பூசணிக்காய் இல்லை, பயமும் சாராயமும்," என்றேன். மாணவிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சின்னம்மாவும் தட்டினாள்.

விழா முடிந்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவள் ஊர் பஸ்ஸுக்காக நின்றோம். பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "நல்லாப் பேசுன," என்றாள். "ஒண்ணு மட்டும் தப்பாச் சொல்லிட்ட."

"என்ன சின்னம்மா?"

"எனக்கு நம்பிக்கை இல்லைன்னியே." புறங்கையால் வாயைத் துடைத்தாள். "நம்பாட்டி எதுக்குடி ஏழையும் வெட்டுறேன்? மெரட்டணும்னா ஒண்ணு பத்தாதா? அவன் சாகணும்னுதான் வெட்டுனேன். ஒண்ணு தப்புனாலும் இன்னொண்ணு புடிக்கட்டும்னு வெட்டுனேன்."

"அப்ப பேரைச் சொன்னது?"

"பொம்பள வெட்டுனா வீட்டு ஆம்பளைக்குத்தான ஆகாதும்பாக. கொழுந்தன்மாரும் அந்த வீட்டு ஆம்பளைகதான? அவுக புள்ளகுட்டிக்காரக. மாறிக்கீறிப் போயிரக் கூடாதுல்ல. அதுக்குத்தான் ஒவ்வொண்ணுக்கும் பேரைச் சொல்லி அனுப்புனேன்." சோடா பாட்டிலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, ஒரு பெருமையும் இல்லை. பருப்புக்கு எத்தனை விசில் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டினாள். "இந்தத் தடவ காய் நல்லா வந்துருக்கு. ஞாயித்துக்கெழம மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா, ஒண்ணு தாரேன். முழுசா வேணுமா, நான் வெட்டித் தரவா?"

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்கத் தெரியாதவர். இருபது நிமிஷத்துக்கு முன்னால் மேடையில் மைக் பிடித்து மூடநம்பிக்கையைக் கிழித்தவள் நான்.

"முழுசாவே குடு சின்னம்மா," என்றேன். "அவரையே வெட்டச் சொல்லிக்கிறேன்."